கேமாலாக் ஏன் சில நேரம் காக்க வைக்கிறது: கெர்னல் மெமரியில் ப்ரீஎம்ப்ஷனும் வேகமும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலையின் கியர்பாக்ஸ் அதிர்வைப் பதிவுசெய்ய ஒரு போர்டு. நாலு கோர் ஏஆர்எம்64, 1 ஜிபி ராம், லினக்ஸ் 6.12, ப்ரீஎம்ப்ட்_ஆர்டி (நேரம் தவறக் கூடாத வேலைகளுக்கான கெர்னல் அமைப்பு, சுருக்கமாக ஆர்டி) போட்டு பில்டு செய்தது. நாலு சேனல், 16 பிட், விநாடிக்கு 10,000 மாதிரி. ஏடிசியின் (அதிர்வை எண்ணாக்கும் சிப்) ஃபிஃபோ, அதாவது அதன் சிறு வரிசைச் சேமிப்பு, மில்லி விநாடிக்கு ஒருமுறை இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) தருகிறது. கேள்வி கேட்ட தம்பி எழுதிய டிரைவர், அந்த இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லருக்குள்ளேயே ஜிஎஃப்பி_அட்டாமிக் கொடி போட்டு கேமாலாக்கில் (கெர்னலுக்குள் மெமரி வாங்கும் அழைப்பு) இடம் எடுத்து, டேட்டாவை நிரப்பி, லிஸ்ட்டில் கோத்து விடுகிறது. இரண்டு தொந்தரவு. கெர்னல் லாகில் ‘ஸ்லீப்பிங் ஃபங்க்‌ஷன் கால்டு ஃப்ரம் இன்வாலிட் கான்டெக்ஸ்ட்’ என்று வருகிறது, அதாவது தூங்கக் கூடாத (சிபியுவை விட்டுக் காத்திருக்கக் கூடாத) இடத்தில் தூங்கக்கூடிய அழைப்பு. அது வராதபோதும் அவ்வப்போது 3 மில்லி விநாடி தாமதமாகிறது. ‘அட்டாமிக் என்றால் தூங்காது என்றுதானே அண்ணாச்சி படித்தோம்? ஆர்டி போட்டபிறகு தாமதம் குறையத்தானே வேண்டும்?’

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் வேர் ஒன்றுதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மெமரி அலொகேட்டருக்கு வேகம் கிடைப்பது மொத்தமாக எடுத்துவைத்துச் சில்லறையாகக் கொடுப்பதால். மொத்தமாக எடுக்கிற அந்த ஒரு முறை மட்டும் நேரம் நீளும். சராசரி இறங்கும், உச்சம் ஏறும். ப்ரீஎம்ப்ஷன் என்பது ஓடுகிற வேலையை இடையில் நிறுத்தி அவசரக்காரனுக்கு சிபியுவைக் கொடுப்பது. மொத்தக் கொள்முதல் நடக்கும்போது அதைத்தான் தடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த அடுக்கைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கிறது, அதுவரை யார் காத்திருக்கிறார்கள்?

நம்ம ஊர்க்காரருக்கு இந்த அடுக்கு புரிய வெகுநேரம் ஆகாது. ஒரு வயல் நனையப் பாபநாசம் அணையைத் திறப்பதில்லை. அணையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். கெர்னலிலும் அணை என்பது பட்டி அலொகேட்டர். அதற்கு ஸோன் லாக் என்ற ஒரே பூட்டு, எல்லா சிபியுவும் அதற்குப் போட்டி. குளம் என்பது ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாக இருக்கும் பக்கப் பட்டியல் (பக்கம் என்றால் 4 கேபி மெமரி), பிசிபி என்பார்கள். மடை என்பது ஸ்லப் அலொகேட்டர், சிபியுவுக்கென்று வைத்திருக்கும் காலித் துண்டுகளின் வரிசை.

மடையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ப்ரீஎம்ப்ஷனுக்கும் வேகத்துக்குமான சமாதானம் மிக அழகாக அமைந்த இடம் அதுதான். சாதாரண கெர்னலில் கேமாலாக் கூப்பிட்டால் ஸ்லப் பூட்டு எதையும் எடுப்பதில்லை, இன்டரப்டையும் அணைப்பதில்லை. ஒவ்வொரு சிபியுவுக்கும் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: அடுத்த காலித் துண்டின் முகவரி ஒன்று, பரிவர்த்தனை எண் ஒன்று. முதலில் பரிவர்த்தனை எண்ணைப் படிக்கும், பிறகு துண்டின் முகவரியை, பிறகு அந்தத் துண்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் அடுத்த துண்டின் முகவரியை. கடைசியில் ஒரே கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் கட்டளை: ‘நான் படித்த இரண்டும் இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் இரண்டையும் புதியதாக மாற்று’. நடுவில் யாராவது இடைமறித்து இதே வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டாலோ, வேலையே வேறு சிபியுவுக்கு மாறிப்போனாலோ, பரிவர்த்தனை எண் பொருந்தாது, முதலிலிருந்து மறுபடி. அந்த எண் ஒவ்வொரு முறையும் சிபியுக்களின் எண்ணிக்கையை 2-இன் அடுக்காக (2, 4, 8 என்று) உயர்த்திய அளவுக்குக் கூடுகிறது. அதனால் இரண்டு சிபியுவின் எண்கள் ஒன்றாக வர வாய்ப்பே இல்லை. ஏஆர்எம்64-இல் அந்தக் கடைசிக் கட்டளையைச் சுற்றி மட்டும் ப்ரீஎம்ப்ஷன் நிற்கிறது, விரல்விட்டு எண்ணும் அளவு கட்டளைகள்தாம். இதைவிட மலிவாக இரு பக்கத்தையும் திருப்திப்படுத்த முடியாது.

ப்ரீஎம்ப்ட்_ஆர்டியில் இந்தக் குறுக்குவழி மூடியிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 6.12-இன் ஸ்லப்பில் ஆர்டி என்றால் எப்போதும் மெதுவான பாதைதான்: லோக்கல்_லாக் எடுத்து, அதற்குள் வேலை. காரணம் உண்டு. மெதுவான பாதை அந்த வரிசையை மாற்றும்போது சாதாரண கெர்னலில் லோக்கல்_லாக் என்பது இன்டரப்டை அணைப்பதுதான். அந்த நேரம் அதே சிபியுவில் வேறு எவரும் நுழைய முடியாது. ஆர்டியில் லோக்கல்_லாக் என்பது தூங்கத்தக்க ஒரு பூட்டு. பூட்டை வைத்திருப்பவரையே இடைமறிக்கலாம். அவர் பாதியில் நிற்கும்போது பூட்டே எடுக்காத இன்னொருவர் அதே வரிசையில் கைவைத்தால் குழப்பம்தான். அதனால் எல்லாரும் பூட்டெடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஆக, ஆர்டியில் கேமாலாக்கின் சராசரி வேகம் குறைவு, அது தெரிந்தே கொடுத்த விலை. பதிலுக்கு, அலொகேட்டருக்குள் எவ்வளவு நீளமான வேலை நடந்தாலும், அதே பூட்டு தேவைப்படாத அவசர வேலை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது முதல் தொந்தரவு. ஜிஎஃப்பி_அட்டாமிக் என்ற கொடி சொல்வது ‘மெமரி குறைவாக இருந்தால் மீட்கும் வேலையில் என்னை இறக்காதே, ரிசர்வில் இருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்’ என்பதை மட்டுமே. பூட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சாதாரண கெர்னலில் அலொகேட்டரின் பூட்டுகள் சுழலும் பூட்டுகள் (கிடைக்கும்வரை சிபியுவை விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பவை), அதனால் தூக்கம் வராது; அந்த அனுபவத்தில்தான் ‘அட்டாமிக் தூங்காது’ என்று பாடமாகிவிட்டது. ஆர்டியில் ஸோன் லாக்கும் ஸ்லப்பின் லோக்கல்_லாக்கும் தூங்கத்தக்கவை. ஆகவே ரா_ஸ்பின்_லாக் (ஆர்டியிலும் தூங்காமல் சுழலும் பூட்டு) பிடித்திருக்கும்போதோ, ப்ரீஎம்ப்ஷனை அணைத்திருக்கும்போதோ, நிஜமான ஹார்டு இன்டரப்டிலோ, எந்தக் கொடி போட்டாலும் கேமாலாக் கூடாது. மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் கேஃப்ரீயும் கூடாது, அதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் ஆர்டியில் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் தாமாகவே த்ரெட்டாகிவிடுமே (முன்னுரிமைப்படி முறை வாங்கி ஓடும் தனி வேலை), பிறகு எப்படி இந்த எச்சரிக்கை? டிரைவரில் ஐஆர்க்யூஎஃப்_நோ_த்ரெட் (த்ரெட்டாக்காதே என்ற கொடி) இருக்கிறதா என்று பாருங்கள். ‘வேகமாக இருக்கட்டும்’ என்று அதைப் போட்டிருந்தால் ஹேண்ட்லர் ஹார்டு இன்டரப்டிலேயே ஓடும், முதல் கேமாலாக்கிலேயே சத்தம் வரும். அது இல்லையென்றால், லிஸ்ட்டைக் காக்க ரா_ஸ்பின்_லாக் போட்டு அதற்குள் கேமாலாக் செய்திருப்பீர்கள். இந்த இரண்டுக்கு வெளியே காரணம் இருப்பது அபூர்வம்.

ரா_ஸ்பின்_லாக்கைச் சாதாரண ஸ்பின்_லாக்காக மாற்றினால் எச்சரிக்கை போய்விடும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். எச்சரிக்கைதான் போகும், மில்லி விநாடிக்கு ஒருமுறை குளத்தையும் அணையையும் நம்பியிருக்கிற நிலை போகாது. அது என்னவாகும் என்பதற்கு ஒரு கணக்கு.

பிசிபி குளம் வற்றினால் அணையிலிருந்து ஒரு பேட்ச் பக்கம் வாங்கும், நிரம்பினால் ஒரு பேட்ச் திருப்பிக் கொடுக்கும். 1 ஜிபி அளவு ஸோனுக்கு அடிப்படைப் பேட்ச் 63 பக்கம், அதாவது 252 கேபி. கெர்னல் 6.7-இலிருந்து தேவைக்கேற்ப இந்தப் பேட்ச் தானாகப் பெருகுகிறது. எதுவரை என்பதை கான்ஃபிக்_பிசிபி_பேட்ச்_ஸ்கேல்_மேக்ஸ் என்ற பில்டு அமைப்பு முடிவுசெய்கிறது. இயல்புநிலை 5. அதாவது 63-ஐ ஐந்து முறை இரட்டிக்கலாம்: 2016 பக்கம், ஏறக்குறைய 8 எம்பி, ஒரே முறை ஸோன் லாக்கைப் பிடித்து. பக்கத்துக்கு 100 நானோ விநாடி என்று வைத்துக்கொண்டால் 200 மைக்ரோ விநாடி. சாதாரண கெர்னலில் இந்த நேரம் முழுக்க அந்த சிபியுவில் இன்டரப்ட் அணைந்திருக்கும். ஆர்டியில் அணையாது, ஆனால் அதே நேரம் உங்கள் ஹேண்ட்லருக்கும் ஸோன் லாக் தேவைப்பட்டால், எங்கோ கோப்பு எழுதிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண புரோகிராம் தன் பேட்ச்சை முடிக்கும்வரை நீங்கள் நிற்பீர்கள். முன்னுரிமைக் கடன் கிடைக்கும், அவர் உங்கள் முன்னுரிமையில் ஓடுவார். ஆனாலும் அவர் முடித்தாக வேண்டும். சர்வரில் இந்த 5 நல்லது. உங்கள் போர்டில் 0 வைத்து பில்டு செய்யுங்கள். 63-க்கு மேல் போகாது.

அதே மாதிரி கான்ஃபிக்_ஸ்லப்_சிபியு_பார்ஷியல். பாதி காலியான ஸ்லாப்களை சிபியு தன் கையிலேயே சேர்த்துவைக்கும் வசதி. கை நிரம்பும்போது மொத்தமாகக் காலிசெய்யப் பூட்டெடுக்கும். விடுவிக்கும் பக்கத்தில்தான் அந்தக் குத்து வரும். ரியல்டைம் கருவிக்கு இதை அணைக்கலாம் என்று அந்த அமைப்பின் உதவிக்குறிப்பிலேயே இருக்கிறது. டிரைவர் எழுதுகிறவர்கள் பல்க் ஏபிஐ (ஒரே அழைப்பில் பல துண்டு வாங்குவது) பயன்படுத்தினாலும் இதே கதை: கேமெம்_கேச்_அல்லாக்_பல்க் தன் முழுச் சுற்றையும் லோக்கல்_லாக்குக்குள் ஓட்டுகிறது. 16 கேட்டால் யாருக்கும் தெரியாது, 512 கேட்டால் தெரியும். நெட்வொர்க் அடுக்கு 6.12-இல் 16 என்றே வைத்திருப்பது சும்மா அல்ல.

சரி, டிரைவரை எப்படி எழுதுவது? என் அபிப்பிராயம்: நேரம் முக்கியமான பாதையில் மெமரி கேட்கிற சோலியே வேண்டாம். எவ்வளவு தேவை என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது, பிறகு ஏன் மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்பது?

ஒரு இன்டரப்டுக்கு 10 மாதிரி, நாலு சேனல், இரண்டு பைட்: 80 பைட். நேர முத்திரைக்கு 8, வரிசை எண்ணுக்கும் நிலைக்கும் 8, மொத்தம் 96. கேச் லைன் 64 என்பதால் ஒரு கட்டத்தை 128 ஆக வையுங்கள். எத்தனை கட்டம் என்பதை யூசர் புரோகிராம் எவ்வளவு நேரம் முடங்கக்கூடும் என்பது தீர்மானிக்கும். எஸ்டி கார்டு உள்ளுக்குள் அழித்தெழுதும்போது நூற்றுக்கணக்கான மில்லி விநாடி நிற்பது சகஜம். 2048 கட்டம் வைத்தால் இரண்டு விநாடிக்குச் சற்று மேல் தாங்கும், 256 கேபி. டிரைவரின், கருவி கிடைத்ததும் ஒருமுறை ஓடும் ப்ரோப் ஃபங்க்‌ஷனில் ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு கேவிமாலாக்கில் (தொடர்ச்சியான இடம் இல்லாவிட்டாலும் தரும் அழைப்பு) எடுத்து, அதை கேஃபிஃபோ_இனிட்டுக்குக் கொடுங்கள்; கேஃபிஃபோ என்பது கெர்னலின் வட்ட வரிசை. நேரடியாக கேஃபிஃபோ_அல்லாக் கூப்பிட்டால் அது 64 பக்கத்தைத் தொடர்ச்சியாகக் கேட்கும். போர்டு நாலைந்து நாள் ஓடியபின் டிரைவரை மறுபடி ஏற்றினால் அது கிடைக்காமல் போகலாம். மூன்றாம் ஆர்டருக்கு மேல், அதாவது 32 கேபிக்கு மேல் தொடர்ச்சியாகக் கேட்பதைக் கெர்னலே ‘விலை உயர்ந்தது’ என்று ஒதுக்கி, அதற்காக அதிகம் முயல்வதில்லை. டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் கருவியே மெமரியில் எழுதுவது) நேராக இந்த பஃபருக்கு எழுதுவதாக இருந்தால் மட்டும் கேவிமாலாக் உதவாது, டிஎம்ஏ_அல்லாக்_கோஹெரன்ட் வேண்டும், அதுவும் ப்ரோப்பிலேயே.

ஒரு எழுதுபவர், ஒரு படிப்பவர் என்று இருக்கும்வரை கேஃபிஃபோவுக்குப் பூட்டே தேவையில்லை. ஆகவே ரா_ஸ்பின்_லாக்கும் போய்விட்டது. நிரம்பிவிட்டால் புதியதை விட்டுவிட்டு ஒரு கவுண்டரைக் கூட்டுங்கள், அந்தக் கவுண்டரை சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் விவரங்களைக் கோப்பாகக் காட்டும் இடம்) காட்டுங்கள். வரிசை எண் ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதால், பிறகு அதிர்வு வரைபடம் போடும்போது எங்கே துண்டு விழுந்தது என்று தெரியும். தெரியாமல் ஒட்டிவிட்டால் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி கணக்கில் இல்லாத அதிர்வெண் முளைக்கும், கியர் பல்லைக் குறை சொல்வார்கள்.

இன்டரப்டை இரண்டாகப் பிரியுங்கள். ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூவில் முதன்மை ஹேண்ட்லர் ஒன்று, த்ரெட் ஹேண்ட்லர் ஒன்று, கொடி ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட். அந்தக் கொடி இருந்தால் ஆர்டியிலும் முதன்மை ஹேண்ட்லர் ஹார்டு இன்டரப்டிலேயே நிற்கும். அதில் கேடைம்_கெட் எடுத்துவைத்து த்ரெட்டை எழுப்புவது தவிர ஒன்றும் செய்யாதீர்கள். ஃபிஃபோவைப் படித்து நிரப்புவது த்ரெட்டில். இதனால் த்ரெட் சற்றுப் பிந்தினாலும் நேர முத்திரை சரியாக இருக்கும்.

த்ரெட்டுக்கு முன்னுரிமை முக்கியம். எல்லா இன்டரப்ட் த்ரெட்டும் ஷெட்_ஃபிஃபோ என்ற ரியல்டைம் முறையில் முன்னுரிமை 50-இல்தான் பிறக்கின்றன (எண் கூடினால் முன்னுரிமை கூடும்). எஸ்டி கார்டின் த்ரெட்டும் 50, உங்களுடையதும் 50 என்றால் ஒன்றையொன்று இடைமறிக்காது. அது முடிந்தபிறகுதான் உங்கள் முறை. ‘ஆர்டி போட்டும் தாமதம்’ என்பவர்களில் பலருக்கு இதுதான் சங்கதி. உங்கள் த்ரெட்டை சிஹெச்ஆர்டி கட்டளையால் 80-க்கும், படிக்கிற புரோகிராமை 70-க்கும் ஏற்றுங்கள்.

மெம்பூல் (முன்கூட்டியே மெமரியைச் சேமித்துவைக்கும் கெர்னல் வசதி) போடலாமே என்று யாராவது சொன்னால் கவனம். மெம்பூல் தருவது ‘கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்ற உறுதி. எப்போது கிடைக்கும் என்று அது சொல்வதில்லை. முதலில் வழக்கமான அலொகேட்டரிடமே போகும், அங்கே கிடைக்காதபோதுதான் தன் சேமிப்பைத் தொடும். அந்தச் சேமிப்புக்கும் ஒரு ஸ்பின்_லாக், ஆர்டியில் அது தூங்கத்தக்கது. ஸ்டோரேஜ் டிரைவர் முடங்கிப்போகாமல் இருக்க உருவானது அது, உங்கள் காரியத்துக்கு அல்ல.

இனி அந்த 3 மில்லி விநாடி. ஹேண்ட்லரின் கேமாலாக்கில் மெமரி மீட்பு நடக்க வழியில்லை, கொடி தடுக்கிறது. பூட்டுக்காகக் காத்தாலும் மேலே போட்ட கணக்கு மைக்ரோ விநாடிகளில்தான் நிற்கிறது. மில்லி விநாடிகள் போனால் சந்தேகம் படிக்கிற புரோகிராம் மேல். /proc/vmstat கோப்பைப் பாருங்கள்: அல்லாக்ஸ்டால் என்று தொடங்கும் வரிகள் கூடிக்கொண்டே போகின்றனவா? போனால், யாரோ மெமரி கேட்டு, தானே குனிந்து பழைய பக்கங்களை மீட்டு எடுக்க வேண்டியிருந்திருக்கிறது. காம்பேக்ட்_ஸ்டால் கூடினால், தொடர்ச்சியான பக்கத்துக்காக மற்றப் பக்கங்களை நகர்த்தி (காம்பேக்‌ஷன்) இடம் பண்ண வேண்டியிருந்திருக்கிறது.

1 ஜிபி போர்டில் இது ஏன் எளிதில் நடக்கிறது என்றால், இயல்புநிலையில் மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் (காலியாக வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச மெமரி, கேபியில்) ஏறக்குறைய 4096-தான்; லோமெமின் கேபி அளவை 16-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் சூத்திரம். அதற்கு மேல் 1 எம்பியில் லோ கோடு, இன்னொரு 1 எம்பியில் ஹை கோடு. காலி மெமரி 5 எம்பிக்குக் கீழே வந்தால் கேஸ்வாப்டி (பின்னணியில் மெமரி மீட்கும் த்ரெட்) எழும். அது எழுந்து வேலை தொடங்குமுன் யாராவது அந்த 1 எம்பி இடைவெளியைத் தின்றுவிட்டால், அடுத்துக் கேட்பவர் தானே மீட்க வேண்டும். ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் தொடங்கினாலே 1 எம்பி போதாது. மின்_ஃப்ரீ_கேபைட்ஸை 16384 ஆகவும், வாட்டர்மார்க்_ஸ்கேல்_ஃபேக்டரை 10-இலிருந்து 100 ஆகவும் வையுங்கள். இடைவெளி 10 எம்பியாகும். ஹை கோடு 36 எம்பி அருகே நிற்கும். அவ்வளவு ராமைச் சும்மா வைத்திருப்பதுதான் விலை.

படிக்கிற புரோகிராமில் எம்லாக்ஆல் (தன் மெமரியை ராமிலேயே பூட்டிவைக்கும் அழைப்பு) இப்போதுள்ளது, இனி வருவது என்ற இரண்டு கொடியோடும் வேண்டும், தொடங்கும்போதே பஃபரையும் ஸ்டாக்கையும் ஒருமுறை தொட்டுவிட வேண்டும். கோப்பு எழுதும் த்ரெட்டைத் தனியாகப் பிரியுங்கள். கேஃபிஃபோவைக் காலிசெய்கிற த்ரெட் கோப்புப் பக்கமே போகக் கூடாது, ஏனென்றால் ரைட் அழைப்பு பக்கக் கேச்சுக்கு மெமரி கேட்கும், அங்கேதான் மீட்பில் மாட்டுகிறது. பெரிய பக்கங்களைத் தானாகத் தரும் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ்பேஜை ‘நெவர்’ செய்யுங்கள்: ஒரு 2 எம்பி பக்கத்தைச் சுழியால் நிரப்பவே, விநாடிக்கு 2 ஜிபி எழுதும் சிறிய போர்டில், 1 மில்லி விநாடி. பூட்டிய பக்கங்களை காம்பேக்‌ஷன் நகர்த்தாமல் இருக்க ஆர்டி கெர்னல் காம்பேக்ட்_அன்எவிக்டபிள்_அலோவ்டை ஏற்கெனவே 0-வில் வைத்திருக்கும். யாரும் மாற்றவில்லை என்று மட்டும் பாருங்கள்.

சோதிப்பதை இரண்டு கெர்னலில் செய்யுங்கள். ஒன்று டீபக் கெர்னல்: கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப், கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங். ஆர்டி இல்லாத மெஷினில் டிரைவர் எழுதுகிறவர்களுக்குக் கான்ஃபிக்_ப்ரூவ்_ரா_லாக்_நெஸ்டிங் பெரிய உதவி. ரா பூட்டுக்குள் சாதாரணப் பூட்டு வரும் இடத்தை ஆர்டி இல்லாமலேயே ‘இன்வாலிட் வெயிட் கான்டெக்ஸ்ட்’ என்று காட்டிக்கொடுக்கும். மற்றது அளக்கும் கெர்னல், இதில் மேலே சொன்ன எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் எண்கள் பொய். தாமதம் அளக்கும் சைக்ளிக்டெஸ்டை முன்னுரிமை 90, இடைவெளி 1000 மைக்ரோ விநாடி என்று ஓட்டுங்கள். கூடவே சுமை ஏற்றும் ஸ்ட்ரெஸ்-என்ஜியில் மெமரி 80 சதவீதம், எஸ்டி கார்டில் பெரிய கோப்பு எழுதுவது. வெறும் போர்டில் ஓட்டிய எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு இரவு முழுக்க ஓடட்டும், உச்சத்தைப் பாருங்கள், சராசரியை மறந்துவிடுங்கள். யார் மீட்பில் மாட்டினார்கள் என்று பெயரோடு தெரிய எஃப்ட்ரேஸில் (கெர்னல் நிகழ்வுகளைப் பதியும் வசதி) விஎம்ஸ்கேன் டைரக்ட் ரீகிளெய்ம் தொடக்கம், முடிவு என்ற இரண்டு நிகழ்வையும் இயக்கிவிடுங்கள்.

‘அப்படியானால் எல்லா மெஷினிலும் ஆர்டி போடலாமா?’ என்ற கிளைக் கேள்விக்கு: வேண்டாம். காற்றாலைகளிலிருந்து வரும் டேட்டாவை வாங்கிச் சேர்க்கும் உங்கள் ஆபீஸ் சர்வருக்கு ஸ்லப்பின் பூட்டில்லாப் பாதைதான் வேண்டும். 6.13-இலிருந்து அதற்கு லேஸி ப்ரீஎம்ப்ஷன் என்ற நடுவழி இருக்கிறது: ரியல்டைம் வேலை வந்தால் உடனே இடைமறிக்கும், சாதாரண வேலைக்கு அடுத்த டிக் வரை பொறுக்கும். 6.18-இல் ஸ்லப்புக்கு ஷீவ்ஸ் என்ற புதிய அடுக்கு வந்திருக்கிறது, சிபியுவுக்கு ஒரு கட்டுத் துண்டுகளை வரிசையாக வைத்துக் கொடுப்பது. 2001-இல் பான்விக்கும் ஆடம்ஸும் சோலாரிஸுக்காக எழுதிய மேகஸின் யோசனையின் உறவுக்காரர்தான் அது. உங்கள் போர்டுக்கு இப்போதைக்கு அவசியமில்லை, 6.12-லேயே இருங்கள்.

செய்யும் வரிசை: முதலில் ஐஆர்க்யூ கொடியும் கேஃபிஃபோவும், அடுத்து முன்னுரிமை, அடுத்து வாட்டர்மார்க், கடைசியில் கெர்னல் கான்ஃபிக். ஒவ்வொன்றுக்கும் இடையில் அளந்து எழுதிவையுங்கள். எல்லாம் செய்தபிறகும் உச்சம் இறங்காமல், அல்லாக்ஸ்டாலும் அசையாமல் இருந்தால் மெமரியைத் தேடுவதை நிறுத்துங்கள். காற்றாலைத் தலைப்பெட்டிக்குள் இருக்கும் சூட்டில் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கும். சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ஸில் வைத்து, பெட்டியை மூடி, வெப்பநிலையையும் கூடவே பதிந்து மறுபடி அளந்து பாருங்கள்.